மறு: ரப்பர் சங்கிலிகளைக் கந்தகம் பிணைப்பதற்குச் சொல்

> அண்ணா, ஐந்தாம் படிவ டியூசன் குறிப்பில் 'கந்தக இறுக்கம்' என்று போடலாமா? சுருக்கமாக இருக்கிறது.

டீச்சர், வணக்கம்.

'இறுக்கம்' வேண்டாம். நம் மலேசியச் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, ஆசிட் ஊற்றினால் ரப்பர் பால் இறுகும் என்பது வீட்டிலேயே தெரிந்த சங்கதி. கந்தகம் செய்வது வேறு. பாலில் ரப்பர் துகளைச் சுற்றியுள்ள புரதப் படலத்தில் எதிர்மின்சுமை இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. நாம் ஊற்றும் பார்மிக் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையைத் தீர்த்ததும் துகள்கள் மோதி, படலம் கிழிந்து, ஒட்டிக்கொள்கின்றன. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புதுப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை.

1839இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோதுதான் அந்தப் பிணைப்பு உண்டானது. கந்தகத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 6. வெளிக்கூட்டில் எட்டு நிரம்ப இரண்டு குறைகிறது. அதனால் ஒருபுறம் இந்தச் சங்கிலியின் கார்பனோடும் மறுபுறம் அடுத்த சங்கிலியின் கார்பனோடும் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்துகொள்கிறது. பல இடங்களில் நடுவே ஒரே அணு இல்லை, சில கந்தக அணுக்கள் கோத்து நிற்கும். இழுத்தாலும் சங்கிலிகள் வழுக்கி விலகாமல் இருப்பது இதனால்தான்.

சென்ற மடலில் வந்த 'பாலப் பிணைப்பு' பொருளுக்குச் சரி. ஆனால் தோட்டத்துக் காதில் அது 'பால்' பிணைப்பாகத்தான் விழும். அப்புறம் மறுபடியும் ஆசிட் கதைக்கே போய்விடுவோம்!

தமிழ்நாட்டில் புழங்கும் 'குறுக்குப் பிணைப்பு' நல்ல சொல். வினையாக்கினால்தான் தடுமாறுகிறது: 'குறுக்குப் பிணைத்த ரப்பர்' நாக்கில் நிற்கவில்லை. என் பரிந்துரை 'ஊடுபிணைப்பு'. தறியில் நீளவாக்கு நூல் பாவு, குறுக்கு நூல் ஊடு; அதுபோல நீளச் சங்கிலிகள் பாவு, கந்தகம் ஊடு. 'ஊடுபிணைத்த ரப்பர்', 'ஊடுபிணையாத ரப்பர்' எல்லாம் எளிதாக வரும்.

---

> என் பரிந்துரை 'ஊடுபிணைப்பு'.

அண்ணா, சொல் அழகு. ஆனால் 'ஊடு' என்றதும் ஊடுருவல்தான் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வரும். கந்தகம் சங்கிலிக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிட்டது என்று எழுதிவைப்பார்கள். பாவும் ஊடும் தறி பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இங்கே தறி ஏது?

பெயர்ச்சொல்லாகக் 'குறுக்குப் பிணைப்பு' இருக்கட்டும். வினைக்கு மட்டும் உங்கள் சொல்லைப் போட்டு, பக்கத்தில் படம் வரைகிறேன். இரண்டு சங்கிலிகள் மேலும் கீழுமாக, நடுவே இரண்டு கந்தக அணுக்கள். பகிர்ந்த எலக்ட்ரான்களைப் புள்ளியாகக் காட்டவா, கோடு போதுமா?