பேட்டரி வால்வு ரேடியோவை வீட்டுக் கரண்டில் ஓட்ட சப்ளை கட்டுவது எப்படி?

பழையபெட்டி:
டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96 போட்ட நாலு வால்வு பேட்டரி செட். 90 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் சேர்ந்த பேக்கில் ஓடியது. 230 வோல்ட்டில் ஓட சப்ளை கட்ட வேண்டும். எவ்வளவு கரண்ட் இழுக்கும்? 90 வோல்ட்டுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் தனியாகச் சுற்றக் கொடுக்கணுமா? ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், கெப்பாசிட்டராலேயே வோல்டேஜைக் குறைக்கும் டிராப்பரில் முடியுமா?

நடுஅலை:
கடைசிக் கேள்விக்கு முதலில்: கூடவே கூடாது. டிராப்பர் வைத்தால் சேஸிஸ் (செட்டின் இரும்புச் சட்டம்) நேராக லைனோடு சேர்ந்துவிடும். ஏரியல் சாக்கெட்டையோ குமிழ் ஸ்க்ரூவையோ தொட்டாலே ஷாக்தான்.

ஃபிலமென்ட் (வால்வுக்குள் சூடாகும் இழை) முதல் மூன்று வால்வுக்கும் தலா 25 மில்லி ஆம்ப், டிஎல்96க்கு 50, ஆக 1.4 வோல்ட்டில் 125. எச்டி பக்கம், அதாவது 90 வோல்ட் பக்கம், சுமார் 10 மில்லி ஆம்ப். டிகே91 வரிசை செட் என்றால் ஃபிலமென்ட் 250 ஆகிவிடும், வால்வு நம்பரை இன்னொரு தடவை பாருங்கள்.

சுற்றக் கொடுக்க வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதா ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டு போதும். முதலாவது 9-0-9, 1 ஆம்ப். அதில் நடு ஒயரும் ஒரு ஓரமும் எடுத்தால் 9 வோல்ட். இரண்டாவது 12-0-12, 500 மில்லி ஆம்ப். அதைத் தலைகீழாகப் போடுங்கள். 9 வோல்ட்டை அதன் இரண்டு ஓரங்களுக்கும் கொடுத்து, நடு ஒயரை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். கணக்குப்படி 230 பக்கம் 86 வோல்ட். நஷ்டம் போக ஏசியில் 75 முதல் 80 வரும், டிசி ஆக்கினால் 90 பக்கம் ஏறும். தவறி நடு ஒயருக்கும் ஒரு ஓரத்துக்கும் கொடுத்தால் அது இரட்டிப்பாகும், கெப்பாசிட்டர் வெடிக்கும்.

பிறகு ஏசியை டிசி ஆக்க 1என்4007 டயோடு நாலில் ஒரு பிரிட்ஜ், 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வரிசையில் 1 கிலோ ஓம் 1 வாட், மறுபடி 47 மைக்ரோஃபாரட், அதன் குறுக்கே 47 கிலோ ஓம். கெப்பாசிட்டர்கள் 160 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. லோடு இல்லாதபோது வோல்டேஜ் ஏறும். லோடில் 100ஐத் தாண்டினால் 1 கிலோவை 2.2 கிலோவாக மாற்றுங்கள்.

ஃபிலமென்ட்டுக்கு அதே 9 வோல்ட்டிலிருந்து தனி பிரிட்ஜ், 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், 250 மில்லி ஆம்ப் ஃப்யூஸ், வோல்டேஜை நிலையாக வைக்கும் எல்எம்317 ஐசி. அவுட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே 120 ஓம், அட்ஜஸ்ட்டிலிருந்து நெகடிவுக்கு 15 ஓம்: 1.41 வோல்ட். அவுட்புட்டில் 10 மைக்ரோஃபாரட். ஐசியில் 1.2 வாட் சூடு வரும், சின்ன ஹீட்சிங்க் வையுங்கள். இந்த வால்வுகளில் ஃபிலமென்ட்டே கேதோடு (எலக்ட்ரானை விடும் முனை) என்பதால் இங்கே துளி ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏசி அலை) இருந்தாலும் ஸ்பீக்கரில் கேட்கும்.

15 ஓமுக்குப் பதில் ப்ரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போடாதீர்கள். அதன் முனை தொடுப்பு விட்டால் அவுட்புட் 10 வோல்ட்டுக்கு மேல் எகிறி நாலு வால்வும் ஒரே நொடியில் போகும். காவலுக்கு 1என்5401 டயோடு மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து அவுட்புட் குறுக்கே போடுங்கள். வோல்டேஜ் ஏறினால் அவை இழுத்து ஃப்யூஸைப் போக்கிவிடும்.

கிரிட்லீக்:
ஒன்று விட்டுப்போச்சு. எச்டி நெகடிவையும் ஃபிலமென்ட் நெகடிவையும் சப்ளைக்குள் சேர்க்காதீர்கள்! இந்த மாதிரி செட்களில் இரண்டுக்கும் நடுவே சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்று செட்டுக்குள்ளேயே இருக்கும். டிஎல்96 கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) வேண்டிய சுமார் மைனஸ் 5 வோல்ட், அதாவது பயாஸ், அதில்தான் வருகிறது. வெளியே சேர்த்தால் பயாஸ் போய், வால்வு அளவுக்கு மீறி இழுக்கும். நாலு ஒயராகவே கொண்டுபோங்கள்.

இன்னொன்று: கட்டுவதற்கு முன் செட் ஓடுகிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோர்த்தால் 90. ஃபிலமென்ட்டுக்கு ஒரு பெரிய டார்ச் செல். டிஎல்96 கிரிட்டுக்குப் போகும் பழைய பேப்பர் கெப்பாசிட்டரை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் கிரிட் பாசிடிவ் ஆகி வால்வு அளவுக்கு மீறி இழுக்கும்.

பழையபெட்டி:
நன்றி சார். எச்டியில் 8.2 கிலோ ஓம் 2 வாட், ஃபிலமென்ட்டில் 10 ஓம் 1 வாட் லோடு வைத்துப் பார்த்தேன்: 93 வோல்ட், 1.41 வோல்ட். செட்டில் போட்டால் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் அமைதி. ஸ்டேஷன் பிடித்ததும் ஹம் (கரண்டின் உறுமல்) வருகிறது. 47 மைக்ரோஃபாரட்டை 100 ஆக்கியும் குறையவில்லை.

நடுஅலை:
அது ஃபில்டர் குறை இல்லை. மெயின்ஸ் ஒயர் வழியாக வரும் சிக்னல் பிரிட்ஜ் டயோடு திறந்து மூடும் தாளத்தில் வெட்டுப்பட்டு ஏரியலில் கலக்கிறது. எச்டி பிரிட்ஜின் ஒவ்வொரு டயோடின் குறுக்கேயும் 103 என்று அச்சிட்ட (0.01 மைக்ரோஃபாரட்) 1 கிலோவோல்ட் டிஸ்க் கெப்பாசிட்டர் போடுங்கள். ஃபிலமென்ட் பிரிட்ஜிலும் போடலாம்.

கிரிட்லீக்:
அப்புறமும் லேசாகக் கேட்டால், பேட்டரி இருந்த இடத்தில் ட்ரான்ஸ்ஃபார்மரை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே இருக்கும், அதில் நேராகத் தூண்டும். தனி இரும்புப் பெட்டியில் போட்டு, மூன்று பின் ப்ளக்கில் எர்த் கொடுத்து, முக்கால் மீட்டர் ஒயரில் தள்ளி வையுங்கள்.