புல்தரையில் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது, ஓட்டை போடலாமா?

கேட்டவர்: மரகதம்_கோவை
வணக்கம். வீடு கட்டி முடித்ததும் முன்பக்கம் சுமார் 600 சதுர அடிக்குக் கொரியன் புல் பதித்தோம். அடியில் கரிசல் மண், மேலே கொஞ்சம் செம்மண் பரப்பியது. ஆரம்பத்தில் பச்சைப் பசேலென்று இருந்தது, இப்போது வாசலிலிருந்து கேட் வரை நடக்கிற தடத்தில் பழுப்படித்துவிட்டது, ஹோஸ் பிடித்தால் தண்ணீர் தேங்கி ஓரமாக ஓடிவிடுகிறது. நர்சரியில் யூரியா போடச் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டு அண்ணா ஓட்டை போடச் சொல்கிறார். ஆணி வைத்த செருப்பு ஆன்லைனில் விற்கிறதே, அது போதுமா?

செம்மண்_தம்பி
அக்கா, யூரியா இப்போது வேண்டாம். மண் இறுகி வேருக்குக் காற்று போகாவிட்டால் எவ்வளவு உரம் போட்டாலும் புல் எடுத்துக்கொள்ளாது. தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை அந்தத் தடத்தில் கையால் அழுத்துங்கள், புல் நன்றாக இருக்கிற மூலையிலும் அழுத்துங்கள். மூலையில் இறங்கி, தடத்தில் இறங்க மறுத்தால் அண்ணா சொன்னதுதான் சரி. டக்கென்று முட்டி நின்றால் கீழே கட்டட இடிபாடு கிடக்கலாம், அதைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும்.

ஆணிச் செருப்பு வாங்காதீர்கள். ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது, அதனால் கரிசலில் ஓட்டையைச் சுற்றி இன்னும் இறுகும். மண் உருளை உருளையாக வெளியே வர வேண்டும்.

பட்டறை_மணி
அதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. அரை இன்ச் ஜிஐ பைப்பின் முனையைக் கூராக்கி, பக்கத்தில் மண் வெளியேற ஒரு நீள வெட்டு விட்டு, மிதிக்க ஒரு குறுக்குக் கம்பியும் மேலே கைப்பிடியும் வைத்து எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். மூன்று இன்ச் ஆழம், நாலைந்து இன்ச் இடைவெளி. வெளியே வருகிற மண்ணை அள்ள வேண்டாம், காய்ந்ததும் உதிர்த்துப் பரப்பிவிடுங்கள். முழுத் தரைக்கும் செய்யாமல் நடக்கிற தடத்தில் மட்டும் செய்தால் போதும், அப்புறம் அங்கே நாலு கல் பலகை பதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிதித்து மிதித்துத் திரும்பவும் இறுகும்.

வேர்விடும்_வீடு
ஓட்டையில் எம்-சாண்ட் கொட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அதிலுள்ள தூள் கரிசலோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். சலித்த மண்புழு உரமோ மக்கிய இலை உரமோ மெல்லியதாகத் தூவி, துடைப்பத்தால் ஓட்டைக்குள் தள்ளுங்கள், புல் மூடிப்போகிற அளவுக்கு வேண்டாம்.

காலம் முக்கியம். புல் வேகமாக வளர்கிற சமயத்தில்தான் காயம் ஆறும், கோவைக்கு ஆனி, ஆடி சரியாக இருக்கும். ஐப்பசி மழையில் ஊறிய கரிசலில் கால் வைத்தாலே இறுகும், அப்போது தொடவே கூடாது. அருகம்புல் என்றால் ஓடி ஓடி மூடிக்கொள்ளும், கொரியன் புல் மெதுவாகத்தான் பரவும், பொறுமையாக இருங்கள். மெத்தை மாதிரி மேடு மேடாகப் பொங்கியிருக்கிற இடங்களில் மேலே சேர்ந்த காய்ந்த தண்டுகளை முதலில் வாரி எடுத்துவிட வேண்டும்.

மரகதம்_கோவை
எல்லோருக்கும் நன்றி. ஸ்க்ரூடிரைவர் தடத்தில் ஒரு இன்ச் கூட இறங்கவில்லை, மூலையில் சுலபமாகப் போகிறது. தடத்துக்குக் குறுக்கே ஸ்பிரிங்க்ளர் பைப் போகிறது, அதை என்ன செய்வது?

பட்டறை_மணி
பைப் போகிற வழியில் கோலமாவால் கோடு போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் அரை அடி விட்டுவிடுங்கள். அங்கே மேலே உரம் தூவினால் போதும், மிச்சத்தை மண்புழு பார்த்துக்கொள்ளும்.