ஒரே கேள்விக்கு ரெண்டு புத்தகத்துல ரெண்டு பதில்: எஃப்.எம்.ஜி.இ.க்கு (வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சவங்க இங்க வேலை பார்க்க எழுதுற பரீட்சை) படிச்சவங்க எப்படி சமாளிச்சீங்க?

நெல்லைக்காரி:
பிலிப்பைன்ஸில் எம்.டி. (நம்ம ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி) முடிச்சுட்டு ஊருக்கு வந்தேன். முதல் தடவை 300க்கு 147. பாஸுக்கு 150 வேணும். அந்த மூணு மார்க் எதுல போச்சுன்னு தெரியாது, ஆனா ஒரு சந்தேகம் உண்டு. ரெண்டு புத்தகம் முட்டிக்கிட்டா, எது தடிமனா இருக்கோ அதை நம்புறதுதான் அப்போ என் வழக்கம்.

ரெண்டாவது தடவை பிரசவ வலியில் மாட்டினேன். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தா ஆக்டிவ் ஃபேஸ், அதாவது பிரசவம் வேகம் பிடிக்கிற கட்டம்? மணிலாவில் படிச்ச அமெரிக்கப் புத்தகம் 6னு சொல்லுது. சீனியர் கொடுத்த பழைய புத்தகத்துல 4. கோச்சிங் நோட்ஸில் 5. தட்டுல சோறு காயுற வரைக்கும் ரூம்மேட்கூட சண்டை. அவ 6, நான் 4.

அப்புறம் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்ததுன்னு தேடினேன். உலக சுகாதார நிறுவனம் 2000இல் திருத்தின பார்ட்டோகிராஃப் (பிரசவம் எப்படிப் போகுதுன்னு குறிக்கிற வரைபடம்) 4இல் ஆரம்பிக்கும். 2014இல் அமெரிக்க மகப்பேறு சங்கம் 6னு மாத்திச்சு. 4லேயே கடிகாரத்தை ஓடவிட்டா, மெதுவா திறக்கிற நல்ல பிரசவத்தையும் ‘நின்னுபோச்சு’ன்னு சொல்லி சிசேரியனுக்கு அனுப்பிடுறாங்க, அதான் காரணம். 2018இல் உலக சுகாதார நிறுவனமே 5னு சொல்லிடுச்சு. அவங்க 2020இல் கொண்டுவந்த புது வரைபடமான லேபர் கேர் கைடும் 5லதான் தொடங்குது. ஆக மூணு புத்தகமும் பொய் சொல்லலை. அன்னையிலிருந்து எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்துல பென்சில்ல ஊரும் வருஷமும் எழுதிடுவேன். கேள்வியில ‘பார்ட்டோகிராஃப்’னு இருந்தா ஒரு பதில், ‘கேர் கைட்’னு இருந்தா வேற பதில்.

மாத்திரை அட்டை:
அக்கா, எனக்கு இதே கதை டி.பி.யில. ரஷ்யாவுல படிச்சது: முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் மட்டும். இங்க நோட்ஸில் அந்த நாலு மாசத்துக்கும் எத்தாம்ப்யூட்டால் சேர்ந்து இருக்கு. அச்சுப்பிழைன்னு நினைச்சு அடிச்சே விட்டேன்!

அந்த சமயம் எங்க சித்தி டி.பி. மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்க. மூணாவது மாச அட்டையைத் திருப்பிப் பார்த்தா ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, எத்தாம்ப்யூட்டால் 275 மில்லிகிராம். சுருக்குனு இருந்துச்சு. நம்ம நாட்டுல ஐசோனியாசிட்டுக்கு அடங்காத கிருமி அதிகம், அதனால மூணாவது மருந்தை விடாம வச்சிருக்காங்க. இன்னொண்ணு: வாரம் மூணு நாள் மருந்து, கேட்டகரி 2 (முன்னாடியே டி.பி. மருந்து சாப்பிட்டவங்களுக்கான பழைய முறை), ஸ்ட்ரெப்டோமைசின் ஊசின்னு இருந்தா அது 2017க்கு முந்தின புத்தகம். இப்போ தினசரி மாத்திரைதான். பழைய புத்தகக் கடையில பாதி விலைக்கு வாங்கினதோட வட்டி இது.

ஹவுஸ் சர்ஜன் 2:
நீங்க சொல்றதுல கால்வாசிதான் புத்தகச் சண்டை தம்பி. மீதி ரீகால் சண்டை. கேள்வித்தாள் வெளிய வராது, எழுதினவங்க ஞாபகத்துல இருந்து சொல்றதுதான் ரீகால். எய்ட்ஸ் நோயாளிக்கு அதிகமா வர்ற சந்தர்ப்பவாதத் தொற்று (எதிர்ப்பு சக்தி குறைஞ்சதும் புகுந்துக்கிறது) எதுன்னு ஒரு கேள்வி. ஒரு நோட்ஸில் டி.பி., இன்னொண்ணுல நியூமோசிஸ்டிஸ்ங்கிற நுரையீரல் பூஞ்சை. நான் ரெண்டு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டேன். கடைசியில பார்த்தா, யாரோ ‘இந்தியாவில்’ங்கிற ஒரு வார்த்தையை மறந்திருக்காங்க, அது இருந்தா டி.பி.தான் பதில். இதுக்கு ரெண்டு நாள் அதிகம். மைனஸ் மார்க் இல்லாத பரீட்சை, பத்து நிமிஷம் தேடு, கிடைக்கலைன்னா ஒண்ணைக் குறிச்சிட்டு நகரு.

ஆனா ஃபாரன்சிக்ல (சட்ட மருத்துவம்) இந்தத் தாராளம் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டமே மாறிடுச்சு, பிரிவு நம்பரெல்லாம் புதுசு. போலீஸ் பிரேத விசாரணைக்கு 174னு நாங்க தூக்கத்துலயும் சொல்வோம், இப்போ அது 194. கொலைக்கு 302 போய் 103 வந்தாச்சு. கவனக்குறைவால் மரணம், பழைய 304ஏ, இப்போ 106. அதுல மத்தவங்களுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும், பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சை செய்யும்போது நடந்தா ரெண்டு வருஷம் வரைக்கும். இதையாவது ஞாபகம் வச்சிக்கோங்க, பரீட்சைக்கு மட்டும் இல்ல.

நெல்லைக்காரி:
அண்ணா, அந்த 174ஐ நான் இன்னும் பழைய நம்பர்லதான் வச்சிருந்தேன். இப்பவே பென்சில் எடுக்கிறேன். ரூம்மேட்டுக்கும் இதைக் காட்டினேன். எல்லாத்தையும் படிச்சுட்டு, அவ இன்னும் 6தான்னு சொல்றா.