டிஎல்பி பாரத்தில் கையெழுத்துப் போடலாமா? மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சொல்லுங்கள்

கிள்ளான் அம்மா
வணக்கம். மகள் வரும் ஜனவரியில் முதலாம் ஆண்டு போகிறாள். தமிழ்ப்பள்ளிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் பள்ளியில் டிஎல்பி, அதாவது இருமொழித் திட்டப் பாரம் ஒன்றும் கொடுத்தார்கள், கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்குமாம், பெற்றோர் சம்மதம் எழுதித் தரவேண்டுமாம். கணவர் யோசிக்காமல் போடு என்கிறார், அவர் வேலையிடத்தில் எல்லாமே ஆங்கிலம். மாமியாரோ தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிவிட்டு அங்கேயும் இங்கிலீஷா என்று கோபப்படுகிறார். எனக்கு இருவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. பாரம் மூன்று நாளாக மேசை மேலேயே கிடக்கிறது.

பினாங்கு பொறியாளர்
போடுங்கள் அக்கா. நான் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாயில் இடைநிலைப்பள்ளி, அப்புறம் கல்லூரியில் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். முதல் ஆறு மாதம் விரிவுரையாளர் பேசுவதை எழுதிக்கொண்டு வந்து ராத்திரி அகராதி வைத்துப் புரிந்துகொண்டேன். இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை, மேலாளர் ஒரு நாட்டுக்காரர், வாடிக்கையாளர் இன்னொரு நாட்டுக்காரர். 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது, 1998-இல் மோனாஷ், 2000-இல் நாட்டிங்ஹாம் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே இங்கே கிளை திறந்துவிட்டன. அங்கே எல்லாம் பாடம் ஆங்கிலத்தில். நாம் பட்டதைப் பிள்ளையும் படவேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை
தம்பி பட்ட கஷ்டம் உண்மை. ஆனால் இதே காரணத்தைச் சொல்லித்தான் பிரதமர் மகாதீர் காலத்தில், 2003-இல், கணிதம் அறிவியல் இரண்டையும் நாடு முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். நான் அப்போது முதலாம் ஆண்டு ஆசிரியை. மடிக்கணினி கொடுத்தார்கள், குறுவட்டு கொடுத்தார்கள், பயிற்சிக்கும் அனுப்பினார்கள்.

ஒரு பையனை இன்னும் மறக்கவில்லை. அலியிடம் 12 கோலி, சிவாவிடம் 7 கோலி, 'ஹவ் மெனி மோர்' என்று கேள்வி. அவன் 19 என்று எழுதினான். 'மோர்' என்றால் கூடுதல், கூடுதல் என்றால் கூட்டு என்று நினைத்துவிட்டான். பக்கத்தில் போய், அலியிடம் எத்தனை அதிகமாக இருக்கிறது என்று தமிழில் கேட்டேன், விரல்கூட மடக்காமல் ஐந்து என்றான். கழித்தல் அவனுக்குத் தெரியும் அம்மா. தாளில் அது தவறு, சிவப்பு மையில் நானேதான் தவறு போட்டேன். ஆறு ஆண்டு அப்படித் தவறு வாங்கிய பிள்ளை தனக்குக் கணிதம் வராது என்று நம்பிவிடும். வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள் சமாளித்தார்கள், தோட்டத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2009-இல் அரசே கைவிடுவதாக அறிவித்தது, பிறகு படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். சில ஆண்டிலேயே, 2016-இல், டிஎல்பி வந்துவிட்டது.

சிரம்பான் அப்பா
டீச்சர் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். டிம்ஸ் என்ற அனைத்துலகத் தேர்வில் நம் படிவம் இரண்டு (எட்டாம் ஆண்டு) மாணவர்கள் 1999-இல் கணிதத்தில் 519 புள்ளி, 2011-இல் 440. 2011-இல் எழுதியவர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலத்தில் கணிதம் படித்தவர்கள். மொழி மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், 2007-இலேயே 474-க்கு இறங்கிவிட்டது. ஆனால் ஆங்கிலம் தூக்கிவிடும் என்று சொன்னது நடக்கவில்லை. அப்புறம் 2013 கல்விப் பெருந்திட்டத்தில், 15 ஆண்டில் டிம்ஸ், அதேபோன்ற இன்னொரு அனைத்துலகத் தேர்வான பிசா இரண்டிலும் உலகின் முதல் மூன்றில் ஒரு பங்கு நாடுகளுக்குள் வரவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2022 பிசாவில் கணிதத்துக்கு 409 வாங்கினோம். உலகத்தைப் பார்த்துப் பார்த்து மொழியையும் தேர்வையும் மாற்றுகிறோம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள்தான் சோதனைக்கு ஆளாகிறார்கள்.

பினாங்கு பொறியாளர்
அண்ணே, சிங்கப்பூரும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறது, முதலிடத்தில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை
அங்கே ஆரம்பப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம்வரை ஒரே மொழி தம்பி, ஆசிரியரும் அதிலேயே படித்தவர். நம் பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்துப் போகிற இடைநிலைப்பள்ளியில் டிஎல்பி இல்லையென்றால் கணிதம் மலாய்க்கு மாறிவிடும். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், அதை ஆங்கிலப் பாடத்தில் நன்றாகச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். கிள்ளான் அம்மா, கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கணிதம் எடுக்கப்போகிறவர் ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசுவாரா? உங்கள் வட்டாரத்து இடைநிலைப்பள்ளியில் டிஎல்பி வகுப்பு இருக்கிறதா?

கிள்ளான் அம்மா
எல்லாருக்கும் நன்றி. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணன் மகனிடம் கேட்டேன், அங்கே கணிதம் மலாயில்தானாம். டீச்சர் சொன்ன கோலிக் கணக்கை நேற்று மகளிடம் தமிழில் கேட்டுப் பார்த்தேன், கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னாள். கணவரும் பக்கத்தில்தான் இருந்தார். பாரத்தை நிரப்பாமலே திங்கட்கிழமை எடுத்துப்போகிறோம், தமிழில் நடக்கும் வகுப்பு உண்டா என்று தலைமையாசிரியரிடம் இருவரும் கேட்கப்போகிறோம்.