நுவாகாய் முன்பணமா, குழுக் கடனா?

வேணு_பொன்னேரி: "மகளிர் குழுவில் சேர்த்துவிட்டால் ஒடிசா பலாங்கீர் குடும்பங்கள் திருவள்ளூர் செங்கல் சூளைக்குக் கொத்தடிமையாக வராது" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மேற்கு ஒடிசாவின் புதுநெல் பண்டிகையான நுவாகாய் ஆகஸ்ட், செப்டம்பரில். கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் சர்தார், அதாவது சூளைக்கு ஆள்பிடிக்கும் தரகன், முன்பணத்தோடு வாசலில் நிற்பான். புதுக் குழுவுக்கு வங்கிக் கடன் வேண்டுமென்றால் ஆறு மாதம் ஓடியிருக்க வேண்டும். ஆறு மாதம்!

தேன்மொழி: எழுதியது நான்தான். ஆறு மாதம் வங்கிக் கடனுக்கு மட்டும். சொந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் அதற்கு முன்பே கொடுக்கலாம். கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு என்ற ஐந்து விதிகளையாவது படித்துவிட்டு வாருங்கள் சார்.

வேணு_பொன்னேரி: பத்துப் பேர் வாரம் பத்து ரூபாய் போட்டால் மாதம் 400. இதை வைத்து சர்தாரை விரட்டப் போகிறீர்களா? ஆறு மாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கருணா: முன்பணம் ஆளுக்கு இல்லை, 'பத்துரியா'வுக்கு. கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தால் ஒரு பத்துரியா. ஈரச் செங்கல்லைப் புரட்டிப்போடப் பிள்ளையைத்தான் இறக்குவார்கள், பெரியவர் மிதித்தால் கல் நசுங்கும். பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் தங்க ஊரிலேயே பருவகால விடுதி வேண்டும். அதுவும் ரயில் ஏறுவதற்கு முன் திறக்க வேண்டும்.

வேணு_பொன்னேரி: ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. பிள்ளை விடுதியில் நின்றால் கல் குறையும், முன்பணம் கழியாது, ஜூனில் சூளை முதலாளி ஊருக்கு விடமாட்டான்.

தேன்மொழி: கடனைக் காட்டித் தடுத்தால் குற்றம். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவனும் கொடுத்தவன்தான். போன மாதம் கூலி பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

வேணு_பொன்னேரி: அங்கே நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை மேடம். சட்டம் பேசுகிறீர்களே, கொத்தடிமையிலிருந்து மீட்டவரை, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கையெழுத்திட்ட விடுவிப்புச் சான்றிதழ் இல்லாமல் ரயிலேற்றிவிட்டால் அரசின் உடனடி உதவி, 30,000 ரூபாய் வரை, எப்படி வரும்? வெறுங்கையோடு ஊர் போனவர் அடுத்த நுவாகாய்க்கு அதே சர்தாரிடம்தான் நிற்பார்.

தேன்மொழி: அதனால்தான் பழைய குழுவில் சேர்க்கச் சொல்கிறேன். அங்கே ஆறு மாதக் காத்திருப்பு கிடையாது.

வேணு_பொன்னேரி: வருஷத்தில் பாதி நாள் சூளையில் கிடப்பவளைப் பழைய குழு சேர்க்குமா? வாரக் கூட்டத்துக்கு வராதவள், தவணை பிசகினால் எல்லாருக்கும் கடன் நிற்கும். மறுபடியும் அதே ஆறு மாதம்!

கருணா: விடுதி எந்த மாதம் திறக்க வேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை.

தேன்மொழி: கருணா, விடுதிக்குத் தனித் திரி போடுங்கள். வேணு சார், உள்கடனுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வேணு_பொன்னேரி: சொல்லிவிட்டேன். 400 ரூபாய்.