சட்டம் கொண்டுவந்தவரே மருந்துக் கம்பனிகளுக்குத் தலைவரானால் குற்றமில்லையா?

அட்டன்வாசி:
சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறேன். இடையில் பில்லி டோசான் என்ற அமெரிக்கரைப் பற்றி வாசித்துக் குழம்பிப் போனேன். லூசியானாக்காரர், 1967இல் சட்டம் முடித்து வக்கீலானவர், மாநில சபையில் இருந்துவிட்டு 1980இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழ்ச்சபைக்குப் போய் 25 வருடம் கிட்ட இருந்திருக்கிறார். முதியோருக்கான மெடிகெயார் காப்புறுதியில் மருந்துச் செலவையும் சேர்த்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த குழுத் தலைவர்களில் ஒருவர். 2005 ஜனவரியில் பதவி முடிகிறது, அதே மாதம் மருந்துக் கம்பனிகளின் சங்கமான பார்மாவுக்குத் தலைவர்! சம்பளம் வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் டொலர் என்று அப்போதே பத்திரிகைகளில் வந்திருக்கிறது. இது எப்படி? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பசறை டீச்சர்:
குற்றமில்லை தம்பி. கீழ்ச்சபை உறுப்பினர் விலகி ஒரு வருடத்துக்குப் பழைய சகாக்களிடம் போய் லொபி, அதாவது கம்பனிகளுக்காக ஆதரவு தேடிப் பேசுவது, செய்யக்கூடாது, அவ்வளவுதான் தடை. சங்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, யாரிடம் போய் என்ன பேசவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் நீங்கள் சம்பளத்தைப் பார்த்தீர்களே தவிர சட்டத்தைப் பார்க்கவில்லை. மருந்துக் கம்பனிகள் பேசும் விலையில் அரசு தலையிடக்கூடாது என்று அதிலேயே ஒரு பிரிவு இருந்தது. காசு கட்டுவது அரசு, பேரம் பேச மட்டும் வாய் திறக்கக்கூடாதாம். வாக்கெடுப்பு விடியக்காலை 3 மணிக்கு. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிகிறதை, தோற்கப் போகிறது என்று தெரிந்ததும் கிட்டத்தட்ட 3 மணித்தியாலம் இழுத்துப் பிடித்து, ஆளாளுக்குப் பேசி மனதை மாற்றி, 220க்கு 215 என்று தேற்றிவிட்டார்கள்.

நானுஓயா:
டீச்சர், அவர் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2004இல் அவருக்குப் புற்றுநோய் வந்தது, ஒரு புதிய மருந்துதான் தன்னைக் காப்பாற்றியது, அதனால்தான் அந்த வேலையை எடுத்தேன் என்றார். அதை நான் நம்புகிறேன், 20 லட்சம் டொலரையும் சேர்த்தே நம்புகிறேன் 😀

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்ற காலத்தில், 1971இல், அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது. நாடு முழுவதற்கும் தேவையான மருந்தை மொத்தமாகக் கேள்விப்பத்திரம் போட்டு வாங்கி விலையைக் குறைப்பதுதான் யோசனை. இன்றைக்கும் டவுனில் பிரஷர் குளிசை வாங்கப் போகும் அம்மாமார் முதலில் அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலவைத் தேடுவது சும்மாவா? டோசானின் சட்டம் அமெரிக்க மெடிகெயாருக்குத் தடை போட்டது சரியாக இந்த வேலைக்குத்தான்.

அட்டன்வாசி:
அப்போ அந்தப் பிரிவு இன்னும் இருக்கிறதா? 1995இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவியும் அவருடைய ஆசனம் போகவில்லையே, அது எப்படி?

பசறை டீச்சர்:
அங்கே கட்சி மாறினால் ஆசனம் போகாது, அடுத்த தேர்தலில் மக்கள் பார்த்துக்கொள்வார்கள். மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தெரிவு செய்தார்கள். இங்கே 1978 அரசியல் யாப்பில் 99(13)ஆம் உறுப்புரையைப் படியுங்கள். கட்சி நீக்கினால் ஒரு மாதத்தில் ஆசனம் காலி, அதற்குள் உயர் நீதிமன்றம் போகலாம். நம் ஆட்கள் தாவியும் எப்படித் தப்பினார்கள் என்பது அந்தத் தீர்ப்புகளில் இருக்கிறது, பரீட்சைக்கும் உதவும். விலைப் பிரிவை 2022இல்தான் ஓரளவுக்குத் தளர்த்தினார்கள். முதலில் 10 மருந்து, பேசி முடித்த விலை 2026 ஜனவரியிலிருந்து. டோசான் 2010இலேயே பார்மாவை விட்டுப் போய்விட்டார்.