வைரஸ் வந்த பப்பாளி: பக்கத்துக் கன்றுக்கு சூடோமோனாஸ் உதவுமா?
தண்டையார்பேட்டை மொட்டை மாடி, நீல டிரம்மில் ரெட் லேடி பப்பாளி, 8 மாசம். 3 வாரமா கொழுந்து மஞ்சள் திட்டாகி நூல் மாதிரி ஒல்லியாகுது. காம்பில் எண்ணெய் தெறிச்ச மாதிரி கரும்பச்சைக் கோடு. நேத்து ஒரு காயில் வளையம் வளையமா பார்த்தேன். வளையப்புள்ளி வைரஸேதான்.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோட 2 தடவை அடிச்சாச்சு. பக்கத்து வீட்டு அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கு. வைரஸைப் பரப்புறதே அதுதான்; பப்பாளியில் குடியிருக்க வேண்டாம், குத்திட்டுப் பறந்தாலே போதுமே! செடி நோய்க்குப் போடுற நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸும் 2 வாரம் இலையில் தெளிச்சேன், தேறல. வைரஸுக்கு மருந்தில்லை, தெரியும். காய்ச்ச மரம், மனசு வரல, இருந்தும் ஞாயிறு பிடுங்கிடுவேன்.

நாலடி தள்ளி இன்னொரு கன்று சுத்தமா இருக்கு. அதன் இலையில் இப்பவே சூடோமோனாஸ் பாக்டீரியாவைப் பெருக விட்டா வைரஸைத் தாங்குமா? செஞ்சு பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?